பால் மறுத்த எருமையும் ஒரு துண்டுச் சீட்டும்

சோழவரம், கும்மிடிப்பூண்டிப் பக்கம் எருமை வைத்திருப்பவருக்குப் பால் மறுத்த மாட்டைக் கட்டித் தீனி போட்டுக் கட்டுப்படியாகாது. தரகர் வருவார், துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை சொல்வார். போன மாதத்தைவிட விலை இறங்கியிருந்தால், ஆள் ஏமாற்றுகிறார் என்றுதான் தோன்றும். சில நேரம் அது உண்மையும்கூட. ஆனால் அந்த விரல்களை வேறு சில கைகளும் அழுத்துகின்றன.

இங்கிருந்து கப்பலேறும் மாட்டிறைச்சி எருமையுடையதுதான். பசு இறைச்சி ஏற்றுமதிக்குத் தடை. எருமை இறைச்சியும் எலும்பு நீக்கி, அபெடா எனும் மத்திய அரசின் ஏற்றுமதி ஆணையத்தில் பதிவுபெற்ற அறுப்புக் கூடங்களிலிருந்தே போகவேண்டும். எருமையோ குறைந்துகொண்டே வருகிறது: தமிழ்நாட்டில் 2012 கணக்கெடுப்பில் சுமார் 7.8 லட்சம், 2019-ல் 5.19 லட்சம். தவிர, 1958-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டப்படி, பத்து வயது கடந்து வேலைக்கும் இனவிருத்திக்கும் உதவாதது அல்லது காயத்தாலோ தீராத நோயாலோ நிரந்தரமாக முடங்கியது என்று சான்று வாங்காமல் எருமையை அறுக்க முடியாது.

சந்தையில் மாடு விற்கவே கூடாது என்று யாராவது விலையைக் குறைத்தால் நம்பாதீர்கள். சந்தையில் அறுப்புக்கு விற்கத் தடை போட்ட மத்திய அரசின் 2017 மே விதிகளுக்கு ஒரே வாரத்தில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நாடு முழுமைக்கும் நீட்டித்தது.

கோமாரி வந்தால் கதையே வேறு. 2009-ஆம் ஆண்டின் கால்நடை தொற்றுநோய்ச் சட்டப்படி, நோய் கண்டதாக அறிவித்த பகுதியிலிருந்து மாட்டை வெளியே ஓட்டவும் தடை வரும், சந்தையும் மூடும். நோயை மறைத்து விற்பது குற்றம். தடுப்பூசி இலவசம், போட்ட மாட்டின் காதில் 12 இலக்க வில்லை இருக்கும்.

அடுத்தது சாலை. எளாவூர் சோதனைச்சாவடி வழியாகவோ வேறு வழியாகவோ, மாடு ஏற்றும் லாரியில் தடுப்பு இருக்கவேண்டும், மாட்டுக்கு 2 சதுர மீட்டர் இடம் வேண்டும், பயணத்துக்குத் தகுதி என்ற கால்நடை மருத்துவர் சான்றும் வேண்டும். அடைத்து ஏற்றிப் பிடிபட்டால் மாடு கோசாலைக்குப் போகும், பராமரிப்புச் செலவு உரிமையாளர் தலையில் விழும். உரிமையாளர் யார் என்று கேள்வி வரும்போது, காதுவில்லை எண்ணுக்கு உரிய பதிவில் உங்கள் பெயர்தான் இருக்கும். ஆகவே கைமாறும்போதே தேதி, வில்லை எண், வண்டி எண், தொகை, வாங்கியவர் பெயர், கையெழுத்து எல்லாம் எழுதி ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். கால்நடை மருந்தகத்தில் பெயர் மாற்றமும் கேளுங்கள். தரகர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

வழியில் கும்பலாக மறித்து அடிக்கவோ பணம் பறிக்கவோ எவருக்கும் உரிமையில்லை, ஏற்றியது தவறாகவே இருந்தாலும். 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றம், கும்பல் வன்முறையைத் தடுக்க மாவட்டந்தோறும் எஸ்.பி. தகுதிக்குக் குறையாத பொறுப்பு அதிகாரி வேண்டும் என்றது. உடனே 112-ஐ அழையுங்கள். எழுத்துப் புகார் என்றால் சோழவரத்தார் ஆவடி காவல் ஆணையரகத்துக்கும், கும்மிடிப்பூண்டியார் திருவள்ளூர் எஸ்.பி. அலுவலகத்துக்கும் போகவேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் 15100-ல் இலவச சட்ட உதவி கேட்கலாம்.