நாளைக்கு நான்தான் முந்தி ஓடுவன்

கல்முனைக் கடற்கரையில் கரைவலை இழுக்கும் காலைப்பொழுது. வலையின் மடி கரையை நெருங்க நெருங்க, சிறுவர் கூட்டம் ஆரவாரத்துடன் அதை நோக்கி ஓடுகின்றது. ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் மட்டும் பாதிவழியில் மணலில் அமர்ந்து மூச்சு வாங்குகின்றான். "என்ன மகன்?" என்று பதறுகின்றாள் தாய். "இண்டைக்கு ஏலாது அம்மா. நாளைக்கு இரத்தம் ஏத்தினாப் பிறகு நான்தான் முந்தி ஓடுவன்" என்கின்றான் அவன்.

அன்புக்குரிய வாசகர்களே, இக்காட்சியை மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள். தலசீமியா என்னும் பரம்பரை இரத்த நோயுடன் நம் நாட்டில் வாழும் பிள்ளைகள் பலரின் அன்றாட வாழ்வு இத்தகையதே. செங்குருதிக் கலங்களில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினைப் போதியளவு ஆக்க அவர்களின் உடலால் முடிவதில்லை. எனவே, நோய் கடுமையாக உள்ளவர்களுக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பிறருடைய இரத்தம் ஏற்றப்பட வேண்டும்.

ஏற்றப்படும் இரத்தத்தோடு இரும்புச் சத்தும் உடலில் சேர்கின்றது. அதை அகற்றாவிடின் இருதயமும் ஈரலும் பழுதடையும். இதற்காக நெடுங்காலம் கையாளப்பட்ட முறை, சிறிய பம்பியொன்றின் மூலம் இரவில் எட்டு முதல் பன்னிரண்டு மணிநேரம் தோலுக்கடியில் மருந்து செலுத்துவதாகும். வாரத்தில் ஐந்து இரவுகளேனும் இது தொடர வேண்டும். பின்னாளில் வாயால் உட்கொள்ளும் மருந்துகளும் வந்து பலரின் சுமையைக் குறைத்தன. உணவோடு அருந்தும் தேநீர், உணவிலுள்ள இரும்பு உடலில் சேர்வதைக் குறைக்கும் என்பதால், மற்றப் பிள்ளைகளுக்கு மறுக்கப்படும் வெறும் தேநீர் இவர்களுக்கு மட்டும் உரிமையாகக் கிடைப்பதுமுண்டு!

பிள்ளைக்கு இவை யாவும் சாகசங்களே. தலையணையோரம் உள்ள பம்பி அவனுடைய இரவுத் தோழன். இரத்தம் சொட்டுச் சொட்டாய் இறங்குவதை எண்ணுவது ஒரு விளையாட்டு. மறுநாள் முகம் சிவந்து, கால்கள் வலுப்பெற்று ஓடுவதோ பெருவெற்றி. தாய்க்கோ ஒவ்வொரு நாளும் ஒரு போராட்டம். விளையாட விட்டால் விழுந்துவிடுவானோ என்ற அச்சம். வீட்டில் அடைத்தால் வாடிவிடுவானோ என்ற வேதனை. மண்ணீரல் பெருத்திருந்தால் வயிற்றில் அடிபடும் விளையாட்டுகளைத் தவிர்க்க வேண்டும். எது கூடும், எது கூடாது என்பதை அச்சத்திடம் கேட்காமல் வைத்தியரிடம் கேட்பதே முறை.

புனித மாற்கு எழுதிய நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் யாயிரின் மகளைக் காண்கின்றோம். பன்னிரண்டு வயதுச் சிறுமியை ஆண்டவர் உயிர்ப்பித்தபின் என்ன செய்தார்? அவளுக்கு உண்ணக் கொடுக்கும்படி பெற்றோரைப் பணித்தார். புதுமையைக் கண்டு எல்லாரும் திகைத்து நிற்க, பிள்ளையின் பசியை நினைத்தவர் அவர் ஒருவரே. நோயுற்ற பிள்ளையும் முதலில் ஒரு பிள்ளைதான் என்பதை இதைவிட எளிமையாக யார் உணர்த்த முடியும்?

உரோமை நகரில் 1930 டிசம்பர் 15 இல் பிறந்த அந்தோனியெத்தா மேயோ என்ற சிறுமியையும் இங்கு நினைவுகூரலாம். எலும்புப் புற்றுநோயால் 1936 இல் அவளது இடக்கால் அகற்றப்பட்டது. செயற்கைக் காலுடன் பள்ளி சென்றாள், விளையாடினாள். இயேசுவுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்களை எழுதினாள். எழுதப் பழகுமுன் அவள் சொல்லத் தாய் எழுதினாள். அவ்வாண்டு நத்தார் இரவில் முதல் நற்கருணை பெற்ற அவள், 1937 ஜூலை 3 இல் இறைவனடி சேர்ந்தாள். 2007 டிசம்பரில் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ற் அவளை வணக்கத்திற்குரியவராக அறிவிக்க இசைவளித்தார். அச்சிறுமிக்கு நோயின் நடுவேயும் ஒரு குழந்தைப் பருவம் இருந்தது.

இனி நம் கடமைக்கு வருவோம். வடக்கே மருதமுனையும் பாண்டிருப்பும், தெற்கே சாய்ந்தமருதும் சூழ்ந்த கல்முனையில் பள்ளிவாசலும் கோவிலும் தேவாலயமும் அருகருகே உள்ளன. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை எழுந்தபோது, அது எவருடைய மதத்தையும் விசாரிக்கவில்லை. அதுபோல், குருதிப் பையிலும் வகையே குறிக்கப்பட்டிருக்கும், மதம் குறிக்கப்பட்டிராது. முகமறியா ஒரு முஸ்லிம் நானாவின் இரத்தம் கத்தோலிக்கச் சிறுவனைக் கரைவலை வரை ஓடச் செய்யலாம். நம் இரத்தம் மற்றொரு வீட்டுப் பிள்ளையை எழுப்பலாம். காணியும் எல்லையும் பற்றி நாம் பிணங்கும் நாட்களிலும் இக்கொடை நின்றுவிடலாகாது.

மற்றொன்றும் உண்டு. தாய், தந்தை இருவரும் இந்நோயின் காவிகளாக இருந்தால், ஒவ்வொரு கருத்தரிப்பிலும் பிள்ளைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. காவிகள் பார்வைக்கு நலமுடனேயே இருப்பர். மச்சான் மச்சாள் மணம் வழக்கிலுள்ள நம் பகுதியில், குடும்பத்தில் இந்நோய் இருப்பின் வாய்ப்பு மேலும் கூடும். எனவே, திருமண ஆயத்தத்தின்போதே இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது விவேகம். பெண்பிள்ளைக்கு வரன் தடைப்படுமே என்று நோயை மறைப்பது, பிறக்கவிருக்கும் பிள்ளைக்கு இழைக்கும் அநீதி. இது எவருடைய பாவத்தின் கூலியுமன்று. மறைக்க வேண்டிய வெட்கமுமன்று.

இவ்வார இறுதியில் உங்கள் பங்கில் நீண்டகால நோயுடன் வாழும் ஒரு பிள்ளையின் வீட்டுக்குச் செல்லுங்கள். பரிதாபச் சொற்களை வாசலிலேயே விட்டுவிட்டு, உங்கள் பிள்ளைகளையும் விளையாட்டுப் பொருளொன்றையும் உடன் அழைத்தும் எடுத்தும் செல்லுங்கள். அன்றைய நாள் அப்பிள்ளைக்கு ஒரு திருநாளாகும்.

செபிப்போம்: சிறுமியின் கரம்பிடித்து எழுப்பிய ஆண்டவரே, நோயுற்ற எம் பிள்ளைகளின் கரங்களையும் பற்றிக்கொள்ளும். அவர்களின் பெற்றோருக்குத் துணிவையும், எமக்கு உதிரம் கொடுக்கும் உள்ளத்தையும் தந்தருளும். ஆமென்.