இந்தியாவில் குவேக்கர்களின் அமைதிப் பணி

இந்தியாவில் குவேக்கர்களின் அமைதிப் பணி என்பது, நண்பர்கள் சமயக் கழகம் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தோர் இந்திய விடுதலைப் போராட்டக் காலத்திலும் அதன் பின்னரும் ஆற்றிய சமரச, நிவாரண, கல்விப் பணிகளைக் குறிக்கும். இவர்கள் எண்ணிக்கையில் மிகச் சிலரே. எனினும் மோதலில் ஈடுபட்ட இரு தரப்பினரும் இவர்களை நம்பினர் என்பது குறிப்பிடத்தக்கது.

கொள்கை

இப்பிரிவு 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவரின் போதனைகளிலிருந்து தோன்றியது. "குவேக்கர்" என்றால் நடுங்குபவர் என்று பொருள். ஏளனமாகச் சூட்டப்பட்ட இப்பெயரே பின்னர் நிலைத்துவிட்டது. ஒவ்வொரு மனிதருக்குள்ளும் இறைவனின் கூறு உண்டு என்பது இவர்களது அடிப்படை நம்பிக்கை. அவ்வாறாயின் எதிரியைக் கொல்வதும், மனிதரை அடிமையாக வைத்திருப்பதும் தவறாகும். இதனாலேயே இவர்கள் போரில் கலந்துகொள்ள மறுத்தனர். 1783இல் அடிமை வணிகத்தை எதிர்த்துப் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் மனு அளித்தனர்.

குவேக்கர்களின் மரபுவழி வழிபாட்டில் குருமார் இல்லை. அனைவரும் மௌனமாக அமர்ந்திருப்பர். உள்ளத்தில் தூண்டுதல் பெற்றவர் மட்டும் எழுந்து பேசுவார். முடிவுகளை வாக்கெடுப்பின்றி, ஒருமித்த கருத்து உருவாகும்வரை பேசியே எடுப்பர். பிறர் கூறுவதைப் பொறுமையுடன் கேட்கும் இப்பழக்கமே இவர்களது சமரசப் பணிக்கும் அடித்தளம் எனலாம்.

விடுதலைப் போராட்டக் காலம்

1931இல் வட்டமேசை மாநாட்டிற்காக இங்கிலாந்து சென்ற காந்தி, பர்மிங்காமில் உள்ள குவேக்கர் கல்வி நிலையமான உட்புரூக்கிற்கும் சென்றார். அங்கு ஆசிரியராக இருந்த ஹோரேஸ் அலெக்சாண்டர் அவரது நெருங்கிய நண்பர் ஆவார். அதே ஆண்டு இலண்டனில் இந்தியச் சமரசக் குழு அமைக்கப்பட்டது. அதன் செயலாளராகப் பணியாற்றிய அகதா ஹாரிசன், இந்தியத் தலைவர்களின் நிலைப்பாட்டைப் பிரித்தானிய அதிகாரிகளுக்கு எடுத்துரைத்தார்.

1942இல் குவேக்கர் மருத்துவ உதவிப் படையின் ஒரு குழு இந்தியா வந்தது. 1943ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சத்தின்போது அது நிவாரணப் பணியில் ஈடுபட்டது. 1947இல் பஞ்சாபில் கலவரம் மூண்டபோது, அகதிகளின் நிலையை நேரில் கண்டறியும் பணியை அலெக்சாண்டரும் ரிச்சர்ட் சைமண்ட்சும் இந்தியா, பாக்கிசுத்தான் ஆகிய இரு அரசுகளின் ஒப்புதலுடன் செய்தனர். அவ்வாண்டின் அமைதிக்கான நோபல் பரிசு, பிரித்தானிய, அமெரிக்கக் குவேக்கர் சேவை அமைப்புகள் இரண்டிற்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

தமிழகத்தில் மார்ஜரி சைக்ஸ்

தமிழகத்துடன் நெருங்கிய தொடர்புடைய குவேக்கர் மார்ஜரி சைக்ஸ் (1905–1995). கேம்பிரிட்ஜில் பயின்ற இவர், 1928இல் சென்னை வேப்பேரியில் உள்ள பெண்டிங்க் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தார். தமிழ் கற்றார். 1930களில் குவேக்கர் ஆனார். பின்னர் சாந்திநிகேதனிலும், காந்தியின் ஆதாரக் கல்வித் திட்டத்தின்கீழ் சேவாகிராமத்திலும் பணியாற்றினார். அதன்பின் நீலகிரியின் கோத்தகிரியில் வாழ்ந்து, வினோபா பாவேயின் சாந்தி சேனைத் தொண்டர்களுக்குப் பயிற்சி அளித்தார்.

நாகாலாந்து: பயனும் எல்லையும்

1964இல் பாப்டிஸ்ட் திருச்சபையின் முயற்சியால், ஜெயப்பிரகாஷ் நாராயண், பி. பி. சாலிஹா, மைக்கேல் ஸ்காட் ஆகியோரைக் கொண்ட அமைதிக் குழு நாகாலாந்தில் அமைந்தது. அரசுக்கும் நாகா போராளிகளுக்கும் இடையே 1964 செப்டம்பர் 6 அன்று போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்தது. அதனைக் கண்காணித்த குழுவில் சைக்சும், தமிழகக் காந்தியரான மு. அரமும் இடம்பெற்றனர். மீறல் குறித்த புகார் எத்தரப்பிலிருந்து வந்தாலும் அதனை விசாரிப்பது இத்தகைய குழுவின் கடமையாகும். ஒரு தரப்பின் ஆள் என்ற ஐயம் எழுந்தால் அப்பணி நடவாது.

பேச்சுவார்த்தைகள் அரசியல் தீர்வை எட்டவில்லை. 1972இல் போர்நிறுத்தமும் முடிவுக்கு வந்தது. நம்பிக்கைக்குரிய இடையாளர் தரப்பினரைப் பேச வைக்கலாம். அவர்களுக்காகத் தாமே முடிவெடுக்க இயலாது. இம்முறையின் எல்லை இதுவே. ஆயினும் தீர்வு கிட்டாதபோதும், முழு அளவிலான மோதல் சில ஆண்டுகள் தவிர்க்கப்பட்டது.

இந்தியாவில் குவேக்கர்கள் ஆற்றிய பணிகளின் வரலாற்றைச் சைக்ஸ் பின்னாளில் நூலாக எழுதினார். அது 1980இல் வெளிவந்தது.