வகுப்பறையின் சூடு எப்படி இயங்குகிறது?

அதே மாவுதான். ஒரு கல்லில் தோசை முறுகலாக எழும்பி வருகிறது. இன்னொரு கல்லில் ஒட்டிக்கொண்டு பிய்கிறது. பள்ளியிலும் இதைப் பார்க்கலாம். கணக்குப் பாடவேளையில் முண்டியடித்துக் கை தூக்கும் பிள்ளைகள், அடுத்த பாடவேளையில் வாயே திறப்பதில்லை. பிள்ளைகள் அவர்களேதான், மாறியது வகுப்பறைச் சூழல். அது எப்படி உருவாகிறது?

முதலில் சூடு

காயாத கல்லில் மாவு ஒட்டும். அதிகம் காய்ந்த கல்லில் பரவாமல் கரண்டியோடு சுருண்டு வரும். ஒழுங்கே இல்லாத வகுப்பு காயாத கல். அங்கே எந்தப் பாடமும் முழுதாக எழும்பாது. அதட்டலும் ஏளனமும் ஆளும் வகுப்பு அதிகம் காய்ந்த கல். தப்பாகச் சொன்னால் சிரிப்பார்களோ என்று பிள்ளை சுருண்டுகொள்ளும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில் உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் சேர்த்தே தடைசெய்கிறது.

அடுத்து, தண்ணீர் தெளித்துப் பார்ப்பது

கைப்பழக்கம் உள்ளவர்கள் தோசை கருகிய பிறகு தீயைக் குறைப்பதில்லை. மாவு ஊற்றுமுன்பே தண்ணீர் தெளித்துச் சூட்டைச் சரிசெய்துவிடுவார்கள். அமெரிக்க உளவியலாளர் ஜேக்கப் கூனின், வகுப்பறைகளைப் படம்பிடித்து ஆராய்ந்து 1970-இல் எழுதிய நூலில் சொன்னதும் இதைத்தான். குறும்பு நடந்த பிறகு ஆசிரியர் எப்படிக் கண்டிக்கிறார் என்பதில் பெரிய வேறுபாடு இல்லை. குறும்பு முளைக்குமுன்பே கடைசி பெஞ்சு வரை கவனம் வைத்திருப்பதும், பாடத்தை அறுந்துபோகாமல் நகர்த்துவதும்தான் நல்ல வகுப்புகளைப் பிரித்துக் காட்டின.

கேள்வி கேட்டபின் காத்திருப்பதும் இந்தக் கைப்பழக்கத்தில் சேரும். ஆசிரியர்கள் பெரும்பாலும் 1 விநாடிதான் பொறுக்கிறார்கள் என்று கண்டார் கல்வியாளர் மேரி பட் ரோ. 3 விநாடி பொறுத்தபோது பதில்கள் நீண்டன. அதுவரை பேசாத பிள்ளைகளும் பேசினார்கள்.

கடைசியாக, கல்லைப் பழக்குவது

புதுக் கல்லை யாரும் வாங்கிய அன்றே நம்புவதில்லை. எண்ணெய் தடவி, காயவைத்து, நாள்கணக்கில் பழக்குகிறோம். புது ஆசிரியருக்கும் அந்தப் பழக்கம் வேண்டும். நாற்பது முகங்களை ஒரே நேரத்தில் கவனிக்கும் திறனை எழுத்துத் தேர்வு தந்துவிடாது. ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்கிறது 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை. அதில் ஒரு பகுதியாவது சொந்தப் பள்ளியில், சக ஆசிரியரின் வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பதாக இருக்க வேண்டும்.

தலைமையாசிரியர் பாடக்குறிப்பேட்டையும் மதிப்பெண் பட்டியலையும் மட்டும் பார்ப்பது, இலைக்கு வந்த தோசையை மட்டும் பார்ப்பதற்குச் சமம். வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்து பார்த்தால்தான் சூடு தெரியும். தோசை பிய்ந்ததற்காகக் கல்லைத் தூக்கி எறிவதில்லை. வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்து அடுத்ததை ஊற்றுகிறோம். வகுப்பைப் பார்த்து முடித்ததும் ஆசிரியரைத் தனியே அழைத்து, திருத்த வேண்டிய ஒன்றே ஒன்றைச் சொல்லி, அடுத்த வாரம் மறுபடி வந்து பார்க்கும் தலைமையாசிரியரிடம் ஆசிரியர்கள் வளர்கிறார்கள். எல்லார் முன்னும் குறை சொல்பவரிடம் அவர்களும் பிள்ளைகளைப் போலவே சுருண்டுகொள்கிறார்கள்.

மதிப்பெண் சரிந்ததும் ஆசிரியரிடம் விளக்கம் கேட்கும் பள்ளி, அவர் வகுப்பில் கடைசியாக எப்போது உட்கார்ந்து பார்த்தோம் என்று தன்னையே முதலில் கேட்டுக்கொள்ளட்டும்.