கோழி ஊசியில் எண்ணெய்க்கு என்ன வேலை?

பெண்ணாடம் சுற்றுப்பக்கத்தில் நாட்டுக்கோழி வளர்ப்பவர்களுக்கு வெள்ளைக்கழிச்சல் ஊசி பழக்கமானது. இறக்கையடியில் போடும் அந்த மருந்தில் இருப்பது வீரியம் குறைத்த உயிருள்ள கிருமி. உடலுக்குள் பெருகி அதுவே எதிர்ப்புச் சக்தியைக் கிளப்பிவிடும். பறவைக் காய்ச்சலில் (ஃப்ளூ) இந்த முறை ஆபத்து. உயிருள்ள ஃப்ளூ வைரஸ் இன்னொரு ஃப்ளூ வைரஸோடு மரபணுவை மாற்றிக்கொண்டு புது உருவில் கிளம்பக்கூடும். எனவே பெரும்பாலும் கொன்ற வைரஸைத்தான் ஊசியில் ஏற்றுகிறார்கள். செத்ததைத் தனியாகச் செலுத்தினால் கோழியின் உடல் பெரிதாகக் கண்டுகொள்ளாது. அதை உசுப்பிவிடச் சேர்க்கும் துணைப்பொருள்தான் அட்ஜுவன்ட்.

இதன் தொடக்கம் குதிரை லாயத்தில். மனிதருக்கு வரும் தொண்டை அடைப்பான் (டிஃப்தீரியா) நோய்க்கு மருந்தெடுக்கக் குதிரைகளுக்கு ஊசி போட்டுவந்த பிரெஞ்சு கால்நடை மருத்துவர் காஸ்தோன் ரமோன், ஊசி போட்ட இடத்தில் கட்டி வந்த குதிரைகளிடம் எதிர்ப்பொருள் கூடுதலாகச் சுரப்பதைக் கவனித்தார். அப்படிக் கட்டி வரவைக்க, 1925-இல் மருந்தோடு மரவள்ளி மாவையே கலந்து பார்த்தார். ஆத்தூரில் ஜவ்வரிசி ஆகிறதே, அதே மரவள்ளி. பலன் கிடைத்தது. 1937-இல் ஜூல்ஸ் ஃப்ராய்ண்ட் என்ற ஆய்வாளர் எண்ணெய்க்கு வந்தார்.

இன்றைய கோழி ஊசி பால்போல வெளுத்திருக்கும். எண்ணெய்க்குள் நுண்ணிய நீர்த்துளிகள், துளிக்குள் கொன்ற வைரஸ். குளிர்ந்த நீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல் முழுசாக நிற்க வேண்டும்; பரவினால் கலவை முறிந்துவிட்டது. உறையவைத்தாலும் முறியும். தோலுக்கடியில் எண்ணெய் தங்கி வைரஸை மெல்ல மெல்ல விடுவிக்கிறது. அந்த இடத்து வீக்கம் வெள்ளணுக்களை அங்கே வரவழைக்கிறது.

தொல்லையும் உண்டு. ஒவ்வொரு கோழியையும் பிடித்தாக வேண்டும். ஊசி தவறி ஆள் விரலில் ஏறினால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும், தாமதித்தால் விரலே போகலாம்.

2006-இல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் வந்தது முதல் இந்தியாவின் வழி, கொன்று புதைப்பது. வீரியம் குறைந்த எச்9என்2 வகைக்கோ போபால் உயர்பாதுகாப்பு விலங்குநோய் நிறுவனம் தடுப்பூசி உருவாக்கி, 2022-இல் அதன் தொழில்நுட்பத்தைத் தனியார் நிறுவனங்களுக்குக் கொடுத்தது. பிரான்ஸோ 2023 அக்டோபரில் வாத்துகளுக்கு எச்5 ஊசி போடத் தொடங்கிவிட்டது. நாமக்கல்லை நம்பி முட்டை தின்கிற மாநிலம் இதை உன்னிப்பாகக் கவனிக்க வேண்டும்.

ஆய்வுக்கூடங்களில் இப்போது ஊசியே இல்லாத முறைகளையும் தேடுகிறார்கள். அதிலொன்றுக்கு உதவுவது கைட்டோசான் என்ற பொருள். பரங்கிப்பேட்டைக் கரையில் கழித்துப்போடும் இறால் ஓடு போன்றவற்றிலிருந்து எடுக்கக்கூடியது. அதன் நுண்துகள்களில் கொன்ற வைரஸை ஏற்றி மூக்குவழி செலுத்தினால், ஃப்ளூ நுழையும் சுவாசப்பாதையிலேயே எதிர்ப்பு உருவாகிறதா என்று சோதிக்கிறார்கள். இது கைகூடினால் ஒரு கொட்டகைக் கோழிகள் அத்தனைக்கும் ஒரே நேரத்தில் மருந்தைத் தெளித்துவிடலாம்.