ஒரு துளி ரத்தமும் அதை எடுக்கும் கையும்

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் சாலையில் செல்வோருக்கு எதிரே நீலமாய்த் தெரியும் மலைக்கு, இந்திய மருத்துவ வரலாற்றில் ஓர் இடமுண்டு. ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்னும் ஆய்வாளர்கள், நீலகிரிப் பழங்குடியினரிடம் 'அரிவாள் செல்' என்னும் சிவப்பணு மாற்றத்தைக் கண்டறிந்து 1952-இல் வெளியிட்டனர். இந்தியாவில் அதுபற்றிய முதல் பதிவுகளுள் அது ஒன்று.

இயல்பான சிவப்பணு, நடுவில் குழிந்த வட்டத்தட்டு. உட்கரு கிடையாது; உள்ளே நிறைந்திருப்பது பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபின். ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் ஏறத்தாழ 50 லட்சம் சிவப்பணுக்கள் உண்டு; ஒவ்வொன்றின் ஆயுள் சுமார் 120 நாள். ஹீமோகுளோபினில் ஒரேயோர் அமினோ அமிலம் மாறிவிட்டால், பிராணவாயு குறையும்போது அந்தத் தட்டு அரிவாளாய் வளைகிறது. வளைந்த அணு நுண்குழாய்களை அடைக்கிறது; 10 முதல் 20 நாள்களுக்குள் சிதைகிறது. விளைவு, தீராத ரத்தசோகையும் எலும்பைத் துளைக்கும் வலியும். தேயிலைத் தோட்டக் கூலிக்கு அந்த வலி என்பது வேலை இழந்த நாள்கள். வெளித்தெரியாத நோயைச் சோம்பல் என்று எழுதிவிடுவது கணக்கெழுதுவோருக்கு எளிது.

தாயும் தந்தையும் இம்மரபணுவை ஒற்றையாகச் சுமப்பவர்களாயின், ஒவ்வொரு மகப்பேற்றிலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. எனவேதான் பரிசோதனை இன்றியமையாததாகிறது. 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய ஒழிப்பு இயக்கம், பழங்குடிப் பகுதிகளில் 40 வயதுக்கு உள்பட்ட 7 கோடிப் பேரைப் பரிசோதிக்க இலக்கு வைத்தது. ஏழு கோடிப் பரிசோதனை என்றால் குறைந்தது ஏழு கோடி ஊசிக்குத்து. நான் சொல்லவந்தது அந்த ஊசியைப் பற்றித்தான்.

அதற்குமுன் மற்ற அணுக்களைப் பற்றிச் சில சொற்கள். வெள்ளையணுக்கள் கன மில்லிமீட்டருக்கு 4,000 முதல் 11,000 வரை இருக்கும். நியூட்ரோஃபில் பாக்டீரியாவை விழுங்கும். லிம்ஃபோசைட் எதிர்ப்புப் பொருளை உருவாக்கி, வந்த கிருமியை நினைவில் வைக்கும். ஈஸ்னோஃபில் ஒவ்வாமையிலும் புழுத்தொற்றிலும் பெருகும்; ஒரு காலத்தில் இருமலுடன் சென்ற எவருக்கும் 'ஈஸ்னோஃபீலியா' என்று பெயர் சூட்டப்பட்டது பலருக்கு நினைவிருக்கலாம். தட்டணுக்கள் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை; ரத்தம் உறைய உதவுவன. டெங்கு பரவும் மாதங்களில் குடும்பமே இந்த ஓர் எண்ணைத்தான் விசாரிக்கிறது. ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவதைக் காட்டும் ஹெமட்டோகிரிட்டை மருத்துவர் மட்டுமே பார்க்கிறார்.

இத்தனையும் ஒரு தாளில் அச்சாகி நம் கைக்கு வருகின்றன. அதற்குமுன் அந்த ரத்தத்தைத் தொடுபவர் ஆய்வக நுட்புநர். தடுப்பூசி போடாத ஒருவரை ஹெபடைடிஸ் பி கிருமி கலந்த ஊசி குத்தினால், தொற்றும் வாய்ப்பு 100-க்கு 6 முதல் 30 வரை. ஹெச்.ஐ.வி.க்கு அது 1,000-க்கு மூன்றுதான். நாம் அஞ்சுவது இரண்டாவதற்கு. மேசையில் காய்ந்த ரத்தத்திலும் ஹெபடைடிஸ் பி கிருமி ஏழு நாள் உயிர்த்திருக்கும்.

தற்காப்பு முறைகளோ எளியவை. கையுறை அணிய வேண்டும். பயன்படுத்திய ஊசிக்கு மீண்டும் மூடி போடக் கூடாது. குத்திக் கிழியாத வெள்ளைப் பெட்டியில் உடனே போட வேண்டும். பிப்பெட்டை வாயால் உறிஞ்சக் கூடாது. ஆய்வகக் கழிவைக் கிருமி நீக்கிய பிறகே வெளியே அனுப்ப வேண்டும். ஊழியருக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடுவது நிறுவனத்தின் கடமை என 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகளே கூறுகின்றன. ஆனால், கட்டணப் போட்டியில் ஆய்வகம் முதலில் மிச்சம் பிடிப்பது நோயாளியின் கண்ணில் படாத செலவுகளில்தான். கையுறையும் தடுப்பூசியும் அத்தகையவை. விபத்து நேர்ந்தால் அதன் விலையைச் செலுத்துபவர் வேறொருவர் என்பதால், முதலாளியின் கணக்கில் அது ஏறுவதே இல்லை.

சில மாதங்களுக்கு முன் கோவையில் ஒரு சிறிய ஆய்வகத்துக்குச் சர்க்கரைப் பரிசோதனைக்காகச் சென்றிருந்தேன். ரத்தம் எடுத்த இளைஞர் வெறுங்கையால் ஊசிக்கு மூடி போட்டார். கண்டிக்க மனம் வரவில்லை. ஹெபடைடிஸ் தடுப்பூசி மூன்று தவணையும் போட்டாயிற்றா, தம்பி என்று மட்டும் கேட்டேன்.

"படிக்கறப்ப ஒண்ணு போட்டதுதானுங்க, சார். மத்ததுக்கு லீவு கெடைக்கலீங்க" என்றார்.