மின்வண்டியின் வயது

சவ்வாது மலையின் அடிவாரத்தே அமைந்த ஊர் ஒடுகத்தூர். அங்கு வெள்ளிக்கிழமைதோறும் கூடும் ஆட்டுச்சந்தை பெயர்பெற்றது. சந்தைக்கு வருவோர் ஆட்டின் நிறத்தைக் கண்டு மட்டும் பணத்தை எண்ணிக் கொடுப்பதில்லை. அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பர். பல் வயதைக் கூறிவிடும். பிறர் ஓட்டிய மின்சாரக் காரை வாங்குவோரும் இம்முறையையே கைக்கொள்ளுதல் வேண்டும்.

ஒடுகத்தூரிலிருந்து வேலூருக்கோ, தோல் தொழிலில் சிறந்த ஆம்பூருக்கோ நாள்தோறும் வேலைக்குச் செல்லும் ஒருவர், தம் சேமிப்பைக் கொண்டு பழைய மின்சாரக் கார் வாங்கக் கருதுகிறார் எனக் கொள்க. அக்காருக்கு மின்கலமே உயிர்நிலை. வண்டியின் விலையில் பெரும்பங்கு அதனுடையது. ஓட ஓட அது தேயும். ஓடாது நின்றாலும் ஆண்டுகள் செல்லச் செல்லத் தேயும். மெருகு குலையாத வண்டியிலும் நலிந்த மின்கலம் இருத்தல் கூடும். அதனை மலிவென்று வாங்கியவர், பின்னர்ப் புதிய மின்கலத்திற்காகப் பெரும்பொருள் இழக்க நேரும்.

மின்கலம் கொள்ளும் மின்சாரத்தை யூனிட்டால் அளப்பர். 2020ஆம் ஆண்டில் வெளிவந்த டாடா நெக்ஸான் மின்சாரக் காரின் மின்கலம் 30.2 யூனிட் கொள்ளும். 2022இல் அறிமுகமான டியாகோ மின்சாரக் காரில் 19.2 யூனிட், 24 யூனிட் என இருவகை உண்டு. நெக்ஸான் ஒரு மின்னேற்றத்தில் 312 கிலோமீட்டர் ஓடும் என்று சோதனைச் சான்று கூறிற்று. சாலையில் அவ்வளவு தொலைவு கிட்டுவதில்லை. ஆதலின் யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் என்று கணக்கிடுதல் நன்று.

போக்குவரவு நாளொன்றுக்கு 70 கிலோமீட்டர் என வைத்துக்கொள்க. 19.2 யூனிட் மின்கலம் தேய்ந்து ஐந்தில் நான்கு பங்கே எஞ்சினால், வண்டி ஏறத்தாழ 107 கிலோமீட்டர் ஓடும். அதில் ஐந்தில் ஒரு பங்கை அவசரத்திற்கு ஒதுக்கினால் 86 கிலோமீட்டரே மிஞ்சும். அது இன்றைக்குப் போதும்; மேலும் தேயுமாயின் போதாது. அதே கணக்கில் 24 யூனிட் வண்டிக்கு 107 கிலோமீட்டர் மிஞ்சும். சில ஆண்டுகள் கவலையின்றி ஓட்ட விரும்புவோர்க்கு இதுவே ஏற்றது.

வெப்பம் மின்கலத்திற்குப் பகை. 2010இல் வெளிவந்த நிசான் லீஃப் காரின் மின்கலத்தைக் குளிர்விக்க நீர்மச் சுற்றோட்டம் இல்லை. 2012இல் அமெரிக்க நாட்டின் வெப்பம் மிகுந்த அரிசோனா மாநிலத்தில் அதனை வைத்திருந்தோர், ஓடும் தொலைவு விரைவில் குறைந்ததென முறையிட்டனர். வேலூர்ப் பகுதியின் கோடை வெயிலும் கடுமையானதே. ஆகவே நீர்மத்தால் குளிர்விக்கப்படும் மின்கலமா என்று கேட்டறிதல் வேண்டும்.

வாங்குமுன், மின்கலத்தின் நலத்தைப் பழுதுநிலையத்தில் கருவி கொண்டு சோதித்து எழுத்தில் பெறுக. முழு மின்னேற்றம் செய்து, வேலைக்குச் செல்லும் சாலையிலேயே ஓட்டிப் பார்க்க. மேற்கூறிய டாடா வண்டிகளின் மின்கலத்திற்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர், இவற்றுள் முன்னே முடிவது வரை உத்தரவாதம் அளிக்கப்பட்டது. அதில் எஞ்சியது எவ்வளவு, அது புதிய உரிமையாளருக்கும் செல்லுமா என்பவற்றையும் உறுதி செய்க. வீட்டில் எர்த்து இணைப்புடன் கூடிய 15 ஆம்பியர் பிளக்கு இருத்தலும் இன்றியமையாதது.

பளபளப்பு கண்ணைக் கவரும். கணக்கோ பொருளைக் காக்கும். பல்லைப் பார்த்து ஆடு வாங்கும் ஊரார்க்கு இவ்வுண்மை புதிதன்று.