கன்னத்தைப் பார்த்து வயது சொல்வது

நாற்பத்தைந்து வயதில் பாடுபட்டு எடையைக் குறைத்துவிட்டு, நியூ ஜெர்சியின் எடிசனில் ஒரு வளைகாப்புக்குப் போய்ப் பாருங்கள். "என்னம்மா, முகமெல்லாம் ஒட்டிப்போச்சே, உடம்பு சரியில்லையா?" என்று கேட்க ஒரு பெரியம்மாவாவது இருப்பார். இடுப்பு இளைத்தது, வயது ஏன் கூடித் தெரிகிறது?

விடை ஓரளவு ஒஹாயோவில் கிடைத்தது. அங்கே ட்வின்ஸ்பர்க் ஊரில் ஆண்டுதோறும் இரட்டையர் திருவிழா. பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் பஹ்மான் குயுரானின் குழு 186 ஜோடி ஒத்த இரட்டையரின் படங்களைப் பிறரிடம் காட்டி வயதை ஊகிக்கச் சொன்னது. முடிவு 2009இல் வெளியானது. நாற்பதுக்குக் கீழே, பருமனானவரே மூத்தவராகத் தெரிந்தார். நாற்பதைத் தாண்டியதும் கணக்கு தலைகீழ்: பூசினாற்போல் இருப்பவர் இளையவர்!

காரணம் தோலுக்கடியில். முகக் கொழுப்பை ஒரே போர்வையாகத்தான் முன்பு பலரும் நினைத்திருந்தார்கள். டெக்சாஸின் டல்லாஸில் மருத்துவர்கள் ராட் ரோரிக், ஜோயல் பெஸ்ஸா இருவரும் இறந்தோர் முகங்களில் நீலச் சாயம் செலுத்தினார்கள். சாயம் முகமெங்கும் பரவவில்லை. ஒவ்வொரு தடுப்பிலும் நின்றுவிட்டது. தனித்தனி அறைகள்! 2007இல் இதை எழுதினார்கள்.

வயதாக ஆக, கண்ணுக்கடியிலும் கன்னத்திலும் உள்ள சில அறைகள் வற்றும். தோலில் கொலாஜன் என்ற புரதமும் குறைவதால் தோல் பழையபடி சுருங்காது. மூக்கோரம் கோடு விழும். எடை வேகமாக இறங்கினால் இதெல்லாம் இன்னும் எடுப்பாகத் தெரியும். அண்மையில் எடைகுறைப்பு ஊசி போட்டவர்களிடம் தெரியும் இந்த வாட்டத்துக்கு அமெரிக்கர், ஒசெம்பிக் என்ற ஊசியின் பெயரால், 'ஒசெம்பிக் முகம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

ஆண்களின் கன்னமும் இப்படித்தான் வற்றுகிறது. பெரியம்மா அவர்களை விசாரிப்பதில்லை.